லீடரைப் போடுவதா, தேர்தல் வைப்பதா, இல்லம் பிரிப்பதா?

ஜூன் மாதம் பள்ளி திறந்து, புத்தகம் கொடுத்து முடித்து, டைம்டேபிள் சண்டையும் ஒருவழியாக ஓய்ந்த பிறகு நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் கடைசியாகப் பள்ளி மாணவர் தலைவரைப் பற்றி ஒரு கேள்வி வரும். "இந்த வருஷம் எஸ்.பி.எல். யாரைப் போடலாம்?" அதற்குள் டீ ஆறியிருக்கும், பாதிப் பேர் பையை மூடியிருப்பார்கள். யாரோ ஒருவர் பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் பெயரைச் சொல்வார், இன்னொருவர் "நல்ல பையன், அமைதியானவன்" என்பார், அவ்வளவுதான், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அறுநூறு பிள்ளைகள் ஒரு வருஷம் பள்ளியை எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும் விஷயம், நோட்டுத் திருத்தும் தேதியை முடிவு செய்வதைவிடக் குறைந்த நேரத்தில் தீர்ந்துபோகிறது.

நான் பத்தொன்பது வருஷமாக ஒரு அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். தென்மாவட்டம், இருபாலர் பள்ளி, ஆறு முதல் பிளஸ் டூ வரை. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான்கு முறையையும் பார்த்துவிட்டேன்: ஆசிரியர்களே லீடரை நியமிப்பது, ஓட்டுப் போட்டு மாணவர் பேரவை அமைப்பது, பள்ளியை இல்லங்களாக, அதாவது எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்த அணிகளாக ("ஹவுஸ்" என்பார்களே, அது) பிரிப்பது, இலக்கிய மன்றம் பசுமைப் படை என்று மன்றங்களை வைத்தே ஓட்டுவது. நான்கிலும் நன்மை உண்டு, நான்கிலும் எங்களுக்குக் கை சுட்டிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இல்லம் பிரியுங்கள். அது ஒரு வருஷம் ஓடிய பிறகு தேர்தல் வையுங்கள். நியமனம் கடைசி வழி. ஆனால் உங்கள் பள்ளி எங்கள் பள்ளி மாதிரி இல்லாமல் இருக்கலாம், அதனால் காரணங்களையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். "பள்ளிப் பற்று" என்றால் பேச்சுப் போட்டித் தலைப்பு மாதிரி இருக்கிறது, அதை எப்படி அளப்பது என்று யாருக்கும் தெரியாது. நான் பார்ப்பது ரொம்பச் சாதாரணமான ஒன்றை. ஒரு பிள்ளை இன்றைக்கு லீவு போட்டால், வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்காவது அது தெரியுமா? "ஐயோ, இன்னைக்கு அவன் வரலையா, அப்ப மைக் யார் கட்டுவா?" என்று யாராவது கேட்பார்களா? அப்படிக் கேட்கப்படுகிற பிள்ளைகள் பள்ளியில் எத்தனை பேர்? மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, நன்றாகவும் படிக்காமல், சேட்டையும் செய்யாமல், ஏழு வருஷம் பள்ளியில் இருந்துவிட்டு டி.சி. வாங்கும்போது பெயர்கூட நமக்கு நினைவுக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்களே, பெரும்பான்மை அவர்கள்தான். அவர்கள் "நம்ம ஸ்கூல்" என்று சொல்ல எந்த முறை வழி செய்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

நியமனத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அதன் பலம் வேகம். சண்டை வராது, பெற்றோர் வந்து கேட்க மாட்டார்கள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கணீரென்று கட்டளை கொடுக்க ஒரு குரல் கிடைத்துவிடும். மெட்ரிக் பள்ளிகளில் இதையே பதவியேற்பு விழாவாக, பட்டை, பேட்ஜ், சிறப்பு விருந்தினர் என்று செய்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும், பெற்றோருக்குப் போட்டோ கிடைக்கும். ஆனால் கணக்குப் போடுங்கள். ஒரு எஸ்.பி.எல்., ஒரு துணை எஸ்.பி.எல். (இருபாலர் பள்ளியில் பையன் எஸ்.பி.எல்., பொண்ணு துணை என்பது எழுதாத சட்டமாகவே இருந்தது எங்களிடம், அதை மாற்றவே ஒரு பெரிய விவாதம் தேவைப்பட்டது), வகுப்புக்கு இரண்டு லீடர். மொத்தம் நாற்பது பேரைத் தாண்டாது. அந்த நாற்பது பேரும் ஏற்கெனவே எல்லாவற்றிலும் இருப்பவர்கள்.

அதைவிட மோசம் அவர்களுக்கு நாம் கொடுக்கும் வேலை. பேசினவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது, கேட்டில் நின்று லேட்டாக வருகிறவர்களைக் குறிப்பது, ஷூ போடாதவனைப் பிடித்துக் கொடுப்பது. சம்பளம் இல்லாத போலீஸ் வேலை. நல்ல பிள்ளை ஒருத்தி ஒரு வருஷம் முழுக்க அந்த கேட்டில் நின்றாள், பிளஸ் டூ முடித்துப் போகும்போது அவளோடு போட்டோ எடுத்துக்கொள்ள அவள் வகுப்பிலேயே ஆள் இல்லை. அவளுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்த கமிட்டியில் நானும் இருந்தேன்.

அப்புறம் தேர்தல். இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் எனக்குத் தேர்தல் பிடிக்கும், ஆனால் அதில்தான் எங்களுக்கு அதிகமாக அடிபட்டது.

செய்வது கஷ்டமில்லை. இந்தியத் தேர்தல் ஆணையமே 2018 ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினத்தன்று தேர்தல் விழிப்புணர்வு மன்றங்களைத் தொடங்கியது, ஒன்பது முதல் பிளஸ் டூ வரையிலான பிள்ளைகளுக்காகவே அதில் பயிற்சிகள் உண்டு, ஆகவே "பள்ளியில் தேர்தலா, அரசியல் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டலாம். ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியில் கம்ப்யூட்டரிலேயே வாக்குப்பதிவு இயந்திரம் மாதிரி செய்துவிடலாம், இல்லையென்றால் சீட்டும் பழைய பிஸ்கட் டப்பாவும் போதும். விரலில் மை வைத்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த மையை ஒரு வாரம் கழுவாமல் வைத்திருந்தார்கள். வாக்குச்சாவடி அலுவலர்களாக ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆள் எடுத்தோம், வரிசையில் நிற்க வைப்பது, பட்டியலில் பெயர் தேடுவது, சீட்டை எண்ணுவது என்று அன்று ஒருநாள் எழுபது பேருக்கு வேலை இருந்தது. என் அளவுகோலின்படி அது மிகச் சிறந்த நாள்.

வாக்குறுதிகளைக் கேட்க வேண்டுமே. ஐந்து வேட்பாளர்கள், ஐந்து பேரும் முதலில் சொன்னது ஒன்றைத்தான்: "பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுக்கக் கூடாது." கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது, கணக்கு சார் உட்படச் சிரித்தார்.

சிரிப்போடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெயித்தவன் நல்ல பையன்தான். முடிவு அறிவித்த மறுநாள் காலை அவன் தெரு முனையில் ஒரு பிளெக்ஸ். பள்ளிச் சீருடையில் அவன் படம், மேலே அவன் சாதியின் தலைவர் படம், கீழே "வாழ்த்தும் நெஞ்சங்கள்" என்று இருபது பெயர். பையனுக்கே தெரியாமல் அவன் மாமா வைத்தது. மத்தியானத்துக்குள் அந்தப் படம் எல்லா போனிலும் போய்விட்டது, சாயங்காலம் தோற்ற பையனின் தெருவில் பதில் பேச்சு, மறுநாள் எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மரத்தடியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். அதுவரை ஒரே மரத்தடி. பேரவையின் முதல் கூட்டத்தையே எங்களால் மூன்று வாரம் நடத்த முடியவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கவலை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவன் பள்ளியில் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்ற அடையாளங்கள் வேண்டாம், வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள், எல்லாப் பிரிவுப் பிள்ளைகளையும் கொண்டு சமூக நீதி மாணவர் படை அமையுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. பள்ளித் தேர்தல் வேண்டுமா என்று யோசிக்கிறவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிட்டு "ஜனநாயகம் கற்றுக்கொடுக்கிறோம்" என்று இறங்கினால் எங்களைப் போலத்தான் மாட்டிக்கொள்வார்கள். தெருவில் இருப்பது கேட்டைத் தாண்டி உள்ளே வரும். தேர்தல் அதற்கு ஒரு நல்ல சிவப்புக் கம்பளம்.

அப்படியானால் தேர்தலே வேண்டாமா? வேண்டும். ஆனால் விதிகளோடு. கல்லூரித் தேர்தல்களுக்கு லிங்டோ குழு 2006இல் வகுத்த நெறிமுறைகளில் வேட்பாளருக்கு 75 சதவீத வருகை, 5,000 ரூபாய்க்கு மேல் செலவு கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது என்றெல்லாம் உண்டு. அது பள்ளிக்கானது இல்லை, ஆனால் படித்துப் பார்த்தால் நமக்கு யோசனை கிடைக்கும். வருகை விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம், செலவைப் பூஜ்யம் என்று வைத்தோம், பிரச்சாரம் என்பது காலைக் கூட்டத்தில் மூன்று நிமிடப் பேச்சு மட்டும். வேட்புமனுவில் ஆறு, எட்டு, ஒன்பது, பதினொன்று என்று நான்கு வெவ்வேறு வகுப்புகளிலிருந்து முன்மொழிய ஆள் வேண்டும், அதில் பாதி மாணவிகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு, ஒன்று பையனுக்கு ஒன்று பொண்ணுக்கு. 2013 முதல் பெரியவர்களுக்கு இருப்பது போல "எவருமில்லை" என்பதும் சீட்டில் உண்டு. யாருக்கு எத்தனை ஓட்டு என்பதைக் கூட்டத்தில் அறிவிப்பதில்லை, வேட்பாளர்களிடம் தனியாகச் சொல்கிறோம். இந்தக் கடைசி விதியைச் சக ஆசிரியர் ஒருவர் "இது என்ன தேர்தல், ரகசியமா?" என்று இன்றைக்கும் திட்டுகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதினோரு ஓட்டு வாங்கிய பிள்ளைக்கு வருஷம் முழுக்க "பதினொன்னு" என்று பட்டப்பெயர் வைத்ததைப் பார்த்தவன் நான்.

தேர்தல் வைக்கும் முன்பு தலைமையாசிரியர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தப் பேரவை எதை எதைத் தானே முடிவு செய்யலாம்? ஆண்டு விழாவில் எந்த நிகழ்ச்சி முன்னே எது பின்னே என்பதா, நூலகப் பீரியட் எப்படி என்பதா, பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கும் ஐயாயிரத்தை எதற்குச் செலவழிப்பது என்பதா, எதுவாக இருந்தாலும் சரி, மூன்று விஷயமாவது வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் ஓட்டுப் போட வைத்து நாடகம் போடுகிறோம் என்று பிள்ளைகளுக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். எங்கள் முதல் பேரவை அப்படித்தான் செத்தது. பி.டி. பீரியட் அந்த வருஷமும் போனது.

இனி இல்லங்கள். இது இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்தது, அங்கே பிள்ளைகள் உண்மையிலேயே தனித்தனி வீடுகளில் தங்கிப் படித்தார்கள், அதனால் அந்தப் பெயர். நம் ஊரில் கான்வென்ட்களும் மெட்ரிக் பள்ளிகளும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று வைத்துக்கொண்டு விளையாட்டு விழாவுக்கு மட்டும் பயன்படுத்தின. அரசுப் பள்ளிகளில் 2024-25 கல்வியாண்டில் "மகிழ் முற்றம்" என்ற பெயரில் இது வந்தது, இல்லங்களுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணைப் பெயர்கள். நாங்கள் அரசுப் பள்ளி இல்லை என்றாலும் அந்தப் பெயர்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டோம். ஒரு காரணம், நிறத்தைச் சொல்லிப் பிரித்தால் நம் ஊரில் எந்த இரண்டு நிறம் சேர்ந்தாலும் அது யாரோ ஒருவருடைய கொடி. இன்னொரு காரணம், திணை என்றால் தமிழ் அய்யாவுக்கு வேலை கிடைக்கும்.

கிடைத்தது. "பாலை இல்லம்" என்று பெயர் வந்த பிள்ளைகள் முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் "பொட்டக்காடு" என்று கிண்டல் வேறு. தமிழ் அய்யா அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் ஒன்றே ஒன்று சொன்னார்: அகநானூற்றின் 400 பாட்டில் 200 பாட்டு பாலைத் திணை, மற்ற நான்கும் சேர்ந்துதான் மீதி 200. பாலை இல்லம் போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

பிரிப்பது எப்படி என்பதுதான் முக்கியம், இங்கே அவசரப்படாதீர்கள். எங்கள் பி.டி. சார் ஓடுகிற பிள்ளைகளைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றார், வகுப்பாசிரியர்கள் படிக்கிற பிள்ளைகளைப் பங்கிட வேண்டும் என்றார்கள், அலுவலகத்தில் வேறு ஏதோ கணக்கு ஓடியது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அட்மிஷன் நம்பரின் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஒன்றும் ஆறும் குறிஞ்சி, இரண்டும் ஏழும் முல்லை, மூன்றும் எட்டும் மருதம், நான்கும் ஒன்பதும் நெய்தல், ஐந்தும் சைபரும் பாலை. யாரும் சிபாரிசுக்கு வர முடியாது, புதிதாகச் சேரும் பிள்ளைக்கும் அன்றைக்கே இல்லம் தெரிந்துவிடும், தெருவும் சாதியும் வகுப்பும் மார்க்கும் தானாகக் கலந்துவிடும். (வேடிக்கை என்னவென்றால் அகநானூற்றைத் தொகுத்தவர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். அந்தக் கணக்கில் போனால் பாதிப் பள்ளி பாலைக்குப் போய்விடும் என்பதால் நாங்கள் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம்.) ஒரே ஒரு அம்மா மட்டும் வந்து சண்டை போட்டார், அவருடைய இரட்டைப் பிள்ளைகள் அடுத்தடுத்த நம்பர், ஒருவன் மருதம் ஒருவன் நெய்தல், வீட்டில் தினமும் அடிதடியாம்.

அங்கேயும் வழுக்கியது. விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நெய்தல் பிள்ளைகள் தாங்களாகவே ரிப்பன் வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரொம்ப ஆசையாகத்தான் செய்தார்கள், ஆனால் மேலே சொன்ன அறிக்கையெல்லாம் படித்த தலைமையாசிரியருக்கு அரை நிமிடம் மூச்சே நின்றுவிட்டது. கையில் எதுவும் கட்டக் கூடாது, அட்டையில் திணைப் பூவை வரைந்து சட்டைப் பையில் குத்திக்கொள்ளலாம் என்று முடிவானது. டி-சர்ட் யோசனையையும் அதே கூட்டத்தில் தள்ளிவிட்டோம். ஒரு பிள்ளைக்கு இருநூற்றைம்பது ரூபாய் என்பது எங்கள் ஊரில் சில வீடுகளுக்கு ஒரு நாள் கூலியில் பாதி.

இப்போது என் அளவுகோலுக்கு வருகிறேன். இல்லத்துக்கு நூற்றிருபது பேர், ஆறாம் வகுப்புச் சின்னப் பிள்ளையிலிருந்து பிளஸ் டூ அண்ணன் வரை. ஒரு கயிறு இழுக்கும் போட்டி வைத்தால் வகுப்புக்கு இரண்டு பேர் கட்டாயம் என்று விதி போடலாம். மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டிக்கு பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் அரசு கொடுத்த சைக்கிளே இருக்கிறது. கோலம், குழுப்பாட்டு, பழமொழிப் போட்டி, ஒரு வாரம் காலைக் கூட்டம் முழுவதையும் ஒரு இல்லம் நடத்துவது, அதில் தமிழ்த்தாய் வாழ்த்து பாட ஐந்து பேர், குறள் சொல்ல ஒருத்தி, செய்தி வாசிக்க இருவர், மைக் கட்ட ஒருவன். என் வகுப்பில் மூன்று வருஷமாக வாயே திறக்காத பையன் ஒருவன் மருதம் இல்லத்துக்கு மைக் ஆளாகிவிட்டான், ஒரு திங்கட்கிழமை அவன் காய்ச்சலில் வராதபோது ஆறு பேர் வந்து "சார், அவன் எங்கே?" என்றார்கள். நியமனத்திலும் தேர்தலிலும் இந்தப் பையன் எங்கேயும் வரவே மாட்டான்.

புள்ளிகளை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் இல்லம் வாழும் அல்லது சாகும். ஜெயித்தவனுக்கு மட்டும் புள்ளி என்றால் ஓடத் தெரிந்த முப்பது பேரின் பள்ளியாகிவிடும். கலந்துகொண்டாலே புள்ளி, ஒரே ஆள் இரண்டுக்கு மேல் போனால் மூன்றாவதற்குப் புள்ளி கிடையாது, அதனால் இல்லத் தலைவர்கள் புது ஆளைத் தேடி அலைவார்கள், நமக்கு வேண்டியதும் அதுதான். ஒழுக்கத்துக்குப் புள்ளி குறைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருவன் லேட்டாக வந்ததற்கு நூற்றிருபது பேர் அவனை முறைப்பது நல்லதல்ல, பஸ் வராதது அவன் தப்பும் இல்லை. வருஷம் முழுக்க ஒரே கணக்கு ஓட்டினால் டிசம்பரில் கடைசியில் இருக்கும் இல்லம் கையை விரித்துவிடும், எனவே காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று மூன்று முறை சைபரிலிருந்து தொடங்குங்கள்.

இல்லத்தின் பலவீனம் வேறு. அதில் பிள்ளைகள் எதையும் தீர்மானிப்பதில்லை. ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், ஓடுகிறார்கள், ஆனால் கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று யாரிடம் சொல்வது என்று கேட்டால் பதில் இல்லை. கேட்கிற குரல் பேரவையில்தான் பழகும். அதனால்தான் இரண்டாம் வருஷம் தேர்தல் என்கிறேன், அதுவும் நேரடியாகப் பள்ளித் தலைவருக்கு இல்லாமல் ஒவ்வொரு இல்லத்துக்குள்ளும். இல்லம் ஏற்கெனவே கலந்திருப்பதால் தெருக்கணக்கு அங்கே எளிதில் எடுபடாது, பத்து இல்லத் தலைவர்கள் சேர்ந்தால் அதுவே பேரவை, அவர்களுக்குள் மாதம் ஒருவர் சுழற்சியில் எஸ்.பி.எல். எங்களிடம் இது இரண்டு வருஷமாக ஓடுகிறது. பிளெக்ஸ் வரவில்லை. மாதம் ஒருவருக்கு எதற்கு பிளெக்ஸ் என்று மாமாக்கள் விட்டுவிட்டார்கள் போல.

மன்றங்களைப் பற்றிக் கேட்டால், அவை ஆழமானவை, ஆனால் அகலம் குறைவு. காகிதத்தில் எல்லாப் பள்ளியிலும் எல்லா மன்றமும் இருக்கும். இலக்கிய மன்றம், அறிவியலுக்கு 2022இல் வந்த வானவில் மன்றம், பசுமைப் படை, இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், பிளஸ் ஒன்னில் நாட்டு நலப்பணித் திட்டம். நிஜத்தில் எந்த மன்றத்துக்கு ஒரு பைத்தியக்கார ஆசிரியர் இருக்கிறாரோ அது மட்டும் நடக்கும், அவர் ரிடையர் ஆனால் அன்றோடு சரி. அதே சமயம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகளைப் பாருங்கள், இருபது வருஷம் கழித்தும் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்வார்கள், யார் சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டது என்று சண்டை போடுவார்கள். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவும் 2022இலிருந்து இப்படி ஒரு தீவிரத்தைக் கொண்டுவந்திருக்கிறது, மாநில அளவில் கலையரசன், கலையரசி பட்டம் வரை போகிறது, ஒரு பிள்ளை மாவட்டத்துக்குத் தேர்வானால் பள்ளியே பஸ் ஏற்றிவிடப் போகும். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஒரு மன்றம் உயிரோடு இருந்தால் இல்லம் பிரிக்கிறேன் என்று அதைக் கலைத்துவிடாதீர்கள்.

இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டு பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலர் அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பது போல "ஸ்பிரிட் வீக்" வைக்கலாமா என்று கேட்டார்கள், அதாவது ஒரு வாரம் நாளுக்கொரு வேஷம், ஒருநாள் பைஜாமா, ஒருநாள் பழைய காலத்து உடை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் கறாராகவே. யார் வீட்டில் எத்தனை சட்டை இருக்கிறது என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான் சீருடை, அதை ஒரு வாரம் கழற்றச் சொன்னால் நாலு பிள்ளை லீவு போடும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் 1904இலிருந்து நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தைப் போல ஊரையே இரண்டாகப் பிரிக்கும் ஒரு பந்தயம் நம்மிடம் இல்லை. குறுவட்டப் போட்டியில் பக்கத்துப் பள்ளியோடு கபடி ஆடும்போது கொஞ்சம் அந்த வாசனை வரும். அதற்கு நூறு வருஷம் வேண்டும், நமக்கு மார்ச்சில் பரீட்சை.

பரீட்சை என்றதும் ஞாபகம் வருகிறது, தலைவர்கள் எந்த வகுப்பிலிருந்து வர வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். பிளஸ் டூ வேண்டவே வேண்டாம், அரையாண்டுக்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது. 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது பிளஸ் ஒன் பிள்ளைகளும் கைவிட்டுப் போனார்கள். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கியது, ஆக பிளஸ் ஒன் திரும்பவும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பிளஸ் ஒன் தலைவர், ஒன்பதாம் வகுப்பு துணை, இதுதான் சரியாக வருகிறது. தொடக்கத்தை ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளில் வைத்துக்கொண்டால் காலாண்டுக்கு முன் இரண்டு மாதம் முழுசாகக் கிடைக்கும். ஆகஸ்ட் 15க்குத் தொடங்கலாம் என்று தள்ளிப் போட்டால் செப்டம்பரில் தேர்வு வந்து எல்லாம் ஆறிவிடும், எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

பள்ளிக்குப் பள்ளி மாறும் என்றேன் அல்லவா. நூற்றைம்பது பிள்ளைகள், ஏழெட்டு ஆசிரியர்கள் உள்ள உயர்நிலைப் பள்ளியில் ஐந்து இல்லம் பிரித்தால் ஒரு கபடி அணிக்கே ஆள் தேற மாட்டார்கள், அங்கே இரண்டு அணி போதும், லீடரை நியமித்தாலும் குடி முழுகிவிடாது, வேலையை மட்டும் சுழற்சியில் கொடுங்கள். பெண்கள் பள்ளியில் தேர்தலைத் தள்ளிப்போடவே வேண்டாம், முதல் வருஷமே வைக்கலாம். அப்படி ஒரு பள்ளிக்கு நான் தேர்தல் பார்வையாளராகப் போயிருந்தேன், மேடையில் அந்தப் பிள்ளைகள் பேசிய பேச்சில் தலைமையாசிரியையே நோட்டெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் பேர் படிக்கும் பெரிய பள்ளியில் இல்லம் என்றாலே நானூறு பேர் ஆகிவிடும், நானூறு பேரில் யாரையும் யாருக்கும் தெரியாது, அங்கே ஆறு முதல் எட்டு வரை தனி, ஒன்பதுக்கு மேல் தனி என்று பிரித்துவிடுங்கள். விடுதிப் பள்ளிகளைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, சொல்லமாட்டேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: ஐந்து கொடி தைக்க, அட்டை, ஸ்கெட்ச், கயிறு இழுக்க ஒரு தேங்காய் நார் வடம், எல்லாம் சேர்த்து எங்களுக்கு நான்காயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, வடம் மட்டும் அடுத்த வருஷமும் வரும். நேரம்தான் உண்மையான செலவு. வாரம் ஒரு பீரியட் வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நல்லது, அதை யாரும் பிடுங்கக் கூடாது என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு டைம்டேபிளில் ஏற வேண்டும். எங்கள் பேரவை இந்த வருஷம் முதல் தீர்மானமாக அதைத்தான் போட்டது, இரண்டாவது தீர்மானம் வழக்கம்போல பி.டி. பீரியட். முதலாவதை ஏற்றுக்கொண்டோம். இரண்டாவதற்குக் கணக்கு சார் அரையாண்டு வரை அவகாசம் கேட்டிருக்கிறார்.